முப்பத்து நான்கு கைகள்

பூதக்கண்ணாடி என்று அவளுக்குப் பெயர் வைத்தது எந்த வருடத்து வகுப்பு என்று யாருக்கும் நினைவில்லை. விடைத்தாள் திருத்தும்போது ஜன்னலோரம் எழுந்து போய், தாளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பாள். ரப்பரால் அழித்த இடத்துக்கு அடியில் முதலில் எழுதிய எண் தெரியும். ஏழு என்றுதானே எழுதியிருந்தாய், யாரைப் பார்த்து ஒன்பதாக்கினாய் என்று கேட்பாள். மாட்டிக்கொண்ட பிள்ளையின் முகத்தில் ஈயாடாது. பெயர் நீளமாக இருந்ததால் பிள்ளைகள் அதைப் பூதம் என்று சுருக்கிக்கொண்டார்கள். அதுவும் அவளுக்குத் தெரியும்.

இருபத்தோரு வருடமாக அதே பள்ளிக்கூடம், அதே நான்காம் வகுப்பு, அதே கணக்கு. வீடு ஐந்து நிமிட நடை. பன்னிரண்டரை மணி அடித்ததும் பையைக்கூட எடுக்காமல் வீட்டுக்கு ஓடுவாள். அவளுடைய அப்பாவுக்குக் கண் போய் மூன்று வருடமாகிறது. சர்க்கரைக்கான ஊசியைப் போட்டு, தட்டைக் கையில் கொடுத்து, தண்ணீர் வலப்பக்கம் என்று சொல்லிவிட்டு, ஒன்றேகாலுக்குள் திரும்பிவிடுவாள். கணவன் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகன். அவன் வீட்டுக்கு வர மாலை ஐந்தாகும். அந்த முக்கால் மணி நேரத்தின் மேல்தான் அந்த வீடு நின்றுகொண்டிருந்தது.

அந்த வருடம் அதற்கு வேட்டு வைக்க ஒரு தாள் வந்தது. பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள், அடுத்த வருடம் நான்காம் வகுப்பின் இரண்டு பிரிவும் ஒன்றாகும், ஓர் ஆசிரியர் உபரி என்று எழுதியிருந்தது. யார் உபரி என்று தலைமையாசிரியர் தன் கருத்தை எழுதி அனுப்ப வேண்டும். உபரியானவருக்கு ஆற்றுக்கு அக்கரையில் ஒரு பள்ளிக்கூடம். இரண்டு பஸ் மாற வேண்டும். மதியம் வீட்டுக்கு வருவது என்ற பேச்சே இல்லை.

தாள் வந்த நான்காம் நாள், பயிற்சிக் கல்லூரியிலிருந்து ஒரு பெண் வந்தாள்.

தலைமையாசிரியரே கூட்டிக்கொண்டு வந்தார். அவர் சாதாரணமாக மாடிப்படி ஏறுகிறவர் அல்ல. உயரமான பெண், மூக்குக் கண்ணாடி, தோளில் துணிப்பை, கையில் பச்சை அட்டை போட்ட ஒரு நோட்டு. பத்து வாரம் உங்கள் வகுப்பில் இருப்பாள், பாடம் நடத்துவாள், ஏதோ ஆராய்ச்சியாம் என்றார்.

"யாரைப் பத்தி சார் ஆராய்ச்சி?" என்று பூதக்கண்ணாடி கேட்டாள்.

அவர் சிரித்தார். அந்தப் பெண்தான் பதில் சொன்னாள். "என்னைப் பத்தித்தான் டீச்சர். நான் நடத்தற பாடத்தை நானே கவனிச்சு எழுதணும். எங்க தப்புன்னு கண்டுபிடிச்சு, ஒண்ணை மட்டும் மாத்தணும். மறுபடி நடத்திப் பார்க்கணும்."

தன்னைத் தானே ஆராய்வதற்கு அடுத்தவள் வகுப்பு எதற்கு, வீட்டில் ஒரு நிலைக்கண்ணாடி இருந்தால் போதாதா என்று பூதக்கண்ணாடி நினைத்தாள். பின்வரிசையில் ஒரு நாற்காலியைப் போட்டுக் கொடுத்தாள்.

மாலை கணவனிடம் சொன்னாள். அவன் சட்டையைக் கழற்றி மாட்டியபடியே விசாரித்தான்.

"சிரிச்சுப் பேசினாளா?"

"சிரிச்சுத்தான் பேசினா."

"நோட்டு வெச்சிருக்காளா?"

"பச்சை அட்டை."

"சரிதான்" என்றான். "யூனிஃபார்ம் போட்டுக்கிட்டு ஏறினா எல்லாரும் டிக்கெட்டைக் கையில எடுத்துப்பாங்க. அதனாலதான் எங்களைச் சில நாள் சாதாரணச் சட்டையில அனுப்பறது. பக்கத்துல உக்காந்து, நேரம் என்னாச்சு சார்னு கேட்டுக்கிட்டே வருவோம். உன் தலைமை ஒரு பொண்ணை ஏத்தி விட்டிருக்கார், டீச்சரம்மா."

அவன் வேடிக்கையாகத்தான் சொன்னான். அவளுக்கு அது வேடிக்கையாகப் படவில்லை. ஏனென்றால் அவளிடம் டிக்கெட் இல்லை.

அது இப்படி. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், அவளுக்கு இருபத்து மூன்று வயது, ஆய்வாளர் ஒருவர் வகுப்புக்கு வந்தார். ஒன்பதை எட்டால் பெருக்கினால் எவ்வளவு என்று கேட்டார். நான்கு கைகள் எழுந்தன. அவர் வேறொன்றும் கேட்கவில்லை. பதிவேட்டில் ஒரு வரி எழுதிவிட்டுப் போனார்: வகுப்பு உறக்கத்தில் உள்ளது. அந்த வரியை அவள் பதினைந்து நாள் சுமந்துகொண்டு திரிந்தாள். பிறகு ஒரு வழி கண்டுபிடித்தாள். மறுவருடத்திலிருந்து புது வகுப்பின் முதல் வாரம், வாய்ப்பாட்டுக்கும் முன்னால், இதுதான் பாடம். வெளியாள் யார் வந்து எதைக் கேட்டாலும் எல்லாரும் கை தூக்க வேண்டும். பதில் தெரிந்தால் வலது கை. தெரியாவிட்டால் இடது கை. டீச்சர் வலது கையில் ஒன்றைப் பார்த்து எழுப்புவாள். யாரிடமும் சொல்லக் கூடாது, வீட்டிலும்கூட.

பிள்ளைகளுக்கு இது பிடித்துப்போய்விடும். வருடம் முழுவதும் வேறெதிலும் சேராத வகுப்பு இதில் ஒன்றாகிவிடும். இடது கைப் பழக்கமுள்ள பிள்ளைகளுக்குத்தான் கொஞ்சம் தொந்தரவு. அவர்களைத் தனியாக நிறுத்தி இரண்டு நாள் பழக்க வேண்டியிருக்கும். அதன் பிறகு எத்தனை ஆய்வாளர்கள். கேள்வி வாயை விட்டு வருவதற்குள் அத்தனை கைகளும் மேலே நிற்கும். எந்தப் பிள்ளையைக் கேட்கலாம் என்று அவர்கள் யோசிப்பதற்குள் இவளே ஒரு பெயரைச் சொல்லிவிடுவாள். 'விழிப்பான வகுப்பு' என்று எழுதிவிட்டுப் போவார்கள். தலைமையாசிரியரும் எந்த விருந்தாளி வந்தாலும் முதலில் நான்காம் வகுப்புக்குத்தான் கூட்டி வருவார். அவருக்குத் தெரியுமா என்று அவள் பல தடவை அவர் முகத்தை ஊன்றிப் பார்த்திருக்கிறாள். எதுவும் பிடிபட்டதில்லை.

இப்போது வகுப்பில் முப்பத்து நான்கு பேர். பின்வரிசையில் ஒரு பச்சை நோட்டு.

முதல் வாரம் அந்தப் பெண் வெறுமனே உட்கார்ந்து பார்த்தாள். பிள்ளைகள் அவளுக்குச் சின்ன டீச்சர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். வெளியாள் உட்கார்ந்திருக்கிறாள், நோட்டு வைத்திருக்கிறாள், அவர்களுக்கு அது போதும். ஒவ்வொரு கேள்விக்கும் முப்பத்து நான்கு கைகள். பூதக்கண்ணாடி நினைத்திருந்தால் அன்றே நிறுத்தியிருக்கலாம். இவள் நம்மவள்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவள் சொல்லவில்லை. தலைமையாசிரியருக்குச் சேதி போகிறதென்றால் இந்தச் சேதியே போகட்டும் என்று இருந்துவிட்டாள்.

இரண்டாம் வாரம் இடம் மாறினார்கள். சின்ன டீச்சர் கரும்பலகைக்குப் போனாள், பூதக்கண்ணாடி பின்வரிசை நாற்காலிக்கு வந்தாள். அங்கேதான் சிக்கல் ஆரம்பித்தது.

சின்ன டீச்சர் கேள்வி கேட்டாள். கைகள் எழுந்தன. அவள் நியாயமான பெண். முன்வரிசைக்காரர்களே பேசக் கூடாது என்று கல்லூரியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள் போல. பின்னால் இருப்பவர்கள், மூலையில் இருப்பவர்கள், வாயே திறக்காதவர்கள் என்று தேடித் தேடி எழுப்பினாள். அவர்கள் பெரும்பாலும் இடது கைக்காரர்கள். எழுந்து நின்று திருதிருவென்று விழித்தார்கள். பிறகு மெல்லத் தலையைத் திருப்பிப் பின்னால் இருந்த பூதக்கண்ணாடியைப் பார்த்தார்கள். நாங்கள் சரியாகத்தானே தூக்கினோம், இவள் ஏன் எங்களை எழுப்புகிறாள் என்ற பார்வை அது.

பூதக்கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

ஒவ்வொரு கேள்விக்குப் பிறகும் சின்ன டீச்சர் மேஜையிலிருந்த நோட்டில் ஒரு கோடு போட்டாள். சில சமயம் இரண்டு. பாடம் முடிந்ததும் கோடுகளை எண்ணி எழுதிக்கொண்டாள். மறுநாள் கேள்வி கேட்டுவிட்டுச் சும்மா நின்றாள். வாயைத் திறக்கவில்லை. கால் கட்டைவிரலால் தரையைத் தட்டினாள், ஏழு தட்டு. அந்த ஏழு தட்டும் முடிகிறவரை அவள் கண் பின்வரிசையிலேயே இருந்ததாகப் பூதக்கண்ணாடிக்குத் தோன்றியது. அடுத்த வாரம் நிற்காமல் ஒரு தாழ்ந்த முக்காலியில் உட்கார்ந்து கேட்டாள். அதற்கடுத்த வாரம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டாள். கண்ணாடி இல்லாமல் அவளுக்கு மூன்றாம் வரிசைக்கு மேல் தெரியவில்லை என்பது வெளிப்படை. எதற்கு இந்த வேஷமெல்லாம் என்று பூதக்கண்ணாடி மண்டையைக் குடைந்துகொண்டாள். கண்கொத்திப் பாம்பு மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் புரியாததே சந்தேகத்தை வளர்த்தது.

ஒரு நாள் சின்ன டீச்சர் தாள்கள் அச்செடுக்கக் கீழே போனாள். நோட்டு மேஜை மேல் கிடந்தது. பிள்ளைகள் மைதானத்தில் இருந்தார்கள். பூதக்கண்ணாடி வாசலை ஒரு தரம் பார்த்துவிட்டு நோட்டைத் திறந்தாள். நாள்வாரியாகக் கட்டம் போட்டு எண்கள். கை தூக்கியவர்கள் 34, கேட்கப்பட்டவர்கள் 15, சரியாகச் சொன்னவர்கள் 4. அடுத்த நாள் 34, 16, 5. அடுத்த நாள் 34, 14, 3. முப்பத்து நான்கு, முப்பத்து நான்கு என்று பக்கத்துக்குப் பக்கம் இறங்கிக்கொண்டே போயிற்று. முதல் வாரத்துக்குத் தனிக் கட்டம்: பெரிய டீச்சர் கேட்டது 40, சரியான பதில் 38.

அவளுடைய பாடத்தையும் எண்ணியிருக்கிறாள்.

நோட்டை இருந்த இடத்தில், இருந்த கோணத்திலேயே வைத்தாள். அன்று அப்பாவுக்கு ஊசி போட்டுவிட்டு, தண்ணீர் வலப்பக்கம் என்று சொல்ல மறந்துவிட்டாள். அப்பா என்னம்மா என்று கேட்டார். ஒன்றுமில்லை, வேகமாக நடந்து வந்தேன் என்றாள்.

"கண்டுபிடிச்சுட்டா" என்று மாலையில் கணவனிடம் சொன்னாள். கைகள் விஷயத்தை அன்றுதான் அவனிடம் முதல் தடவையாகச் சொன்னாள். இருபது வருடமாக அவனுக்கும் சொல்லவில்லை.

"இருபது வருஷமா ஒரு செக்கரை வீட்டுல வெச்சுக்கிட்டே டிக்கெட் இல்லாம வந்திருக்கே" என்றான். குரலில் கொஞ்சம் மரியாதைகூட இருந்தது. பிறகு, கண்டுபிடித்திருந்தால் அவள் இதற்குள் கீழே போய்ச் சொல்லியிருப்பாளே என்றான். சொல்லாமல் வைத்திருக்கிறாள் என்றால் வேறு ஏதோ வேண்டும் அவளுக்கு என்றும் சொன்னான். பேசாமல் இருந்திருக்கலாம் அவன்.

ஆறாம் வாரம் மறுபடி நோட்டைப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தது. இந்த முறை எண்களுக்குக் கீழே வாக்கியங்கள் இருந்தன. 'எல்லாரும் கை தூக்குகிறார்கள். பதில் தெரியாமல் இத்தனை பேர் கை தூக்க மாட்டார்கள். நான் பெயரைச் சொன்னதும் மறந்துபோகிறார்கள். காத்திருந்து பார்த்தேன், உட்கார்ந்து பார்த்தேன், கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தேன். பெரிய டீச்சரிடம் பயப்படாதவர்கள் என்னிடம் பயப்படுகிறார்கள். என் முகத்தில் ஏதோ இருக்கிறது. தவறு என்னிடம்.'

பூதக்கண்ணாடி அதை இரண்டு முறை படித்தாள். நிம்மதியாக இருக்க வேண்டும். இருக்கவில்லை. இவ்வளவு அப்பாவியாக ஒருத்தி இருப்பாளா? நோட்டை இப்படி மேஜை மேல் விட்டுவிட்டுப் போவாளா, அதுவும் இரண்டாவது தடவை? நான் படிப்பேன் என்று தெரிந்தே எழுதிய வரிகளா? எழுத்தின் சாய்வு, பேனாவின் அழுத்தம் எல்லாவற்றையும் பார்த்தாள். 'தவறு என்னிடம்' என்ற இடத்தில் மட்டும் பேனா தாளைக் கிழிக்கிற மாதிரி அழுந்தியிருந்தது. நடிப்புக்கு அவ்வளவு அழுத்தம் தேவையில்லைதான்.

அந்த வாரக் கடைசியில் சின்ன டீச்சரே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"டீச்சர், ஒண்ணு கேக்கலாமா?"

"கேளும்மா."

"நீங்க கேட்டா மட்டும் எப்படிச் சரியா சொல்றாங்க?"

பூதக்கண்ணாடி பேனாவின் மூடியைத் திருகி மூடினாள். "பழக்கம்தான்" என்றாள்.

"நாப்பது கேள்வியில முப்பத்தெட்டு டீச்சர். எனக்குப் பதினஞ்சுல நாலு. எனக்கு இந்த வேலை வராதுன்னு நினைக்கறேன். ஆராய்ச்சியை முடிச்சுட்டு வேற ஏதாவது பார்க்கலாம்னு இருக்கேன். அண்ணன் கடையில கணக்கு எழுத ஆள் இல்லாம இருக்கு."

வாயைக் கிளறுகிறாளா என்று பூதக்கண்ணாடி அவள் கண்ணைப் பார்த்தாள். கண் கலங்கித்தான் இருந்தது. கலங்கின கண்ணையும் அவள் எத்தனையோ பார்த்திருக்கிறாள். நான்காம் வகுப்பில் கண்ணீர் என்பது குழாயைத் திறந்தால் வருவது. அவசரப்பட்டு எதையும் முடிவு பண்ணாதே என்று மட்டும் சொல்லி எழுந்துகொண்டாள். அது அந்தப் பெண்ணுக்குச் சொன்னதா தனக்குச் சொன்னதா என்று மாடிப்படி இறங்கும்போது யோசித்தாள்.

ஒன்பதாம் வாரம் கல்லூரி விரிவுரையாளர் பாடம் பார்க்க வருகிறார் என்று சேதி வந்தது. தலைமையாசிரியரும் கூட உட்காருவாராம். உபரிப் பட்டியலுக்கு அவர் கருத்து எழுதி அனுப்ப இன்னும் இரண்டு வாரம்தான் இருந்தது.

விரிவுரையாளர் ஆய்வாளரைப் போல ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் போகிறவர் அல்ல. ஒரு பாடம் முழுவதும் உட்காருவார். முப்பத்து நான்கு கைகளும் அதில் மூன்று பதில்களும் என்றால் அவர் ஐந்து நிமிடத்தில் பிடித்துவிடுவார். பயிற்சி ஆசிரியர்களைப் பார்த்தே பழகிய கண். அன்று காலை, சின்ன டீச்சர் வருவதற்கு முன்னால், பூதக்கண்ணாடி வகுப்புக் கதவைச் சாத்தினாள்.

இன்றைக்குத் தெரிந்தவர்கள் மட்டும் கை தூக்கினால் போதும் என்றாள்.

வகுப்பு அவளைப் பார்த்தது. ஒருவரும் தலையாட்டவில்லை.

முன்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். "வெளியாள் வராங்களே டீச்சர்."

"வரட்டும். தெரிஞ்சா தூக்கு. தெரியலைன்னா கையைக் கட்டிக்கோ."

"இது டெஸ்ட்டா டீச்சர்?"

இல்லை என்றாள். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். விடைத்தாளை வெளிச்சத்தில் பிடிக்கும்போது அவளுக்கு இருக்கும் அதே முகம் முப்பத்து நான்கு பேருக்கும் இருந்தது. பயத்தால் சொன்னாளா, அந்தப் பெண்மேல் இரக்கப்பட்டுச் சொன்னாளா என்று யாராவது கேட்டிருந்தால் அவளால் சொல்லியிருக்க முடியாது. யாரும் கேட்கவில்லை.

பத்து மணிக்குப் பாடம் தொடங்கியது. பின்வரிசையில் மூன்று நாற்காலிகள்: விரிவுரையாளர், தலைமையாசிரியர், பூதக்கண்ணாடி. சின்ன டீச்சர் பலகையில் இரண்டு ஒரே அளவுப் பட்டைகள் வரைந்தாள். ஒன்றை மூன்றாகப் பிரித்தாள், இன்னொன்றை நான்காக. மூன்றில் ஒரு பங்கு பெரியதா, நான்கில் ஒரு பங்கு பெரியதா?

ஒரு கையும் எழவில்லை.

சின்ன டீச்சர் கட்டைவிரலால் தட்டிக்கொண்டிருந்தாள். அவள் முகம் வெளுத்துக்கொண்டே போனதைப் பின்வரிசையிலிருந்தே பார்க்க முடிந்தது. ஒன்பது வாரத்தில் ஒரு நாளும் இப்படி ஆனதில்லை. தலைமையாசிரியர் திரும்பிப் பூதக்கண்ணாடியைப் பார்த்தார். அவரும் இப்படி ஒரு நாளைப் பார்த்ததில்லை. பிறகு ஒரு வலது கை எழுந்தது. இன்னொன்று. மொத்தம் ஐந்து. சின்ன டீச்சர் ஒவ்வொருவரையும் எழுப்பினாள். ஐந்து பேரும் சரியாகச் சொன்னார்கள். மூன்றில் ஒரு பங்குதான் பெரியது. குறைவான பேர் பங்கு போட்டுக்கொள்கிறார்கள்.

அவள் நோட்டில் கோடு போடப் போனவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். பயிற்சிக் கல்லூரியில் யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். அவளுக்கே அந்தக் கணத்தில் தோன்றியிருக்க வேண்டும்.

"தெரியாதவங்க கை தூக்குங்க" என்றாள். "ஒண்ணும் சொல்ல மாட்டேன். எனக்குத் தெரியணும், அவ்வளவுதான்."

முதலில் ஜன்னலோரப் பெண்ணின் இடது கை எழுந்தது. பழக்கம். அப்புறம் அவள் பின்னால் இருந்தவன். அப்புறம் வரிசை வரிசையாக. இருபத்தொன்பது இடது கைகள்.

சின்ன டீச்சர் அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டே நின்றாள். உதடு அசைந்தது, எண்ணினாளோ என்னவோ. பிறகு அவள் கண் கைகளைத் தாண்டிப் பின்வரிசைக்கு வந்து பூதக்கண்ணாடியின் மேல் நின்றது. அதற்கு முன் எப்போதும் அங்கே அவள் பார்த்ததே இல்லை என்று பூதக்கண்ணாடிக்கு அப்போதுதான் விளங்கியது.

விரிவுரையாளர் முன்னால் குனிந்து ஜன்னலோரப் பெண்ணைக் கேட்டார். "ஏம்மா, எல்லாரும் ஏன் இடது கையைத் தூக்கறீங்க?"

அந்தப் பெண் பூதக்கண்ணாடியைப் பார்த்தாள். பிறகு விரிவுரையாளரைப் பார்த்தாள்.

"வலது கை வலிக்குது சார்."

"எல்லாருக்குமா?"

"நேத்து நிறைய எழுதினோம் சார்" என்றான் பின்னால் இருந்தவன்.

விரிவுரையாளர் சிரித்துவிட்டார். தலைமையாசிரியர் கொஞ்சம் தாமதித்து, ஆனால் கூடுதலாகச் சிரித்தார். பூதக்கண்ணாடி சிரிக்கவில்லை. நான்தான் சொல்லிக் கொடுத்தேன் என்று எழுந்து சொல்ல ஒரு நிமிடம் இருந்தது. அந்த நிமிடத்தில் அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒன்பது வயதுப் பிள்ளைகள் அவளுக்காகக் கண்ணை இமைக்காமல் பொய் சொல்கிறார்கள். எந்தத் தாளை எந்த வெளிச்சத்தில் பிடித்தாலும் கண்டுபிடிக்க முடியாத பொய்.

பாடம் முடிந்ததும் விரிவுரையாளர் சின்ன டீச்சரைத் தாழ்வாரத்தில் நிறுத்திப் பேசினார். பிள்ளைகளிடம் ஒரு தயக்கம் தெரிகிறது, கேட்டால் கைகூட எழவில்லை, உங்கள் அறிக்கையில் அதை நேர்மையாக எழுதுங்கள் என்றார். அவள் சரி சார் என்றாள்.

அவர்கள் போன பிறகு வகுப்பில் இருவரும் மட்டும் இருந்தார்கள். சின்ன டீச்சர் பலகையை அழித்துக்கொண்டிருந்தாள்.

"எப்பலேர்ந்து டீச்சர்?" என்று திரும்பாமலே கேட்டாள்.

"எது?"

அவள் கொஞ்ச நேரம் அழித்த இடத்தையே அழித்தாள். "ஒண்ணுமில்ல டீச்சர்" என்றாள்.

கடைசி வாரம் அறிக்கை தயாராகி வந்தது. மூன்று பிரதி. ஒன்று கல்லூரிக்கு, ஒன்று கல்வி அலுவலகத்துக்கு, ஒன்று தலைமையாசிரியருக்கு. ஒவ்வொரு பக்கத்திலும் வகுப்பாசிரியர் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. சின்ன டீச்சர் மூன்றையும் மேஜை மேல் அடுக்கி வைத்தாள்.

"கையைப் பத்தி எதுவும் எழுதல டீச்சர். பழைய மாதிரியே முடிச்சுட்டேன்."

பூதக்கண்ணாடி அறிக்கையைத் தொடவில்லை. "பதிலுக்கு உனக்கு என்ன வேணும்?"

அந்தப் பெண்ணுக்கு முதல் தடவையாகக் கோபம் வந்தது. காது மடல் சிவந்தது. "எனக்கு ஒண்ணும் வேண்டாம். நீங்க மத்தியானம் எங்க ஓடறீங்கன்னு எனக்குத் தெரியும் டீச்சர்."

சொல்லிவிட்டுப் பையை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

இது அனுதாபமா மிரட்டலா என்று பூதக்கண்ணாடிக்குப் பிடிபடவில்லை. யாரிடமிருந்து தெரிந்துகொண்டாள்? அப்பாவையும் எண்ணி எழுதி வைத்திருக்கிறாளா? கணவனிடம் கேட்டாள். அவன் சுற்றி வளைக்கவில்லை. கையெழுத்துப் போட்டால் அவள் பிடியில் நீ, போடாவிட்டால் ஊர் வாயில் நீ என்றான். பிறகு அவனே, ஒருவேளை நல்ல பெண்ணாகவும் இருக்கலாம் என்றான். அவன் வேலையில் அப்படி ஒருவரை எப்போதாவது பார்த்திருக்கிறானா என்று கேட்டாள். வருடத்துக்கு ஒருத்தர் இரண்டு பேர் என்றான். டிக்கெட்டை வாங்கி ஜேபியில் வைத்துவிட்டு எங்கே வைத்தோம் என்று தெரியாமல் அழுகிறவர்கள். அவர்களுக்குத்தான் முதலில் அபராதம் போட்டுவிடுவோம் என்றான்.

மறுநாள் பன்னிரண்டரை மணி அடித்தபோது அவள் ஓடவில்லை. ஆசிரியர் அறை காலியாக இருந்தது. முதல் பிரதியை எடுத்துப் பக்கம் பக்கமாகப் படித்துக் கையெழுத்துப் போட்டுக்கொண்டே வந்தாள். அந்தப் பெண்ணுக்கு அழகான எழுத்து, கட்டங்கள் கோணாமல் இருந்தன. கூட்டல் எல்லாம் சரி. பத்தொன்பதாம் பக்கத்தில் முடிவுரை. 'விடை தெரிந்தே கை தூக்குகிறார்கள். என் அணுகுமுறையால் பயந்து மறந்துவிடுகிறார்கள். தவறு என்னிடம் என்ற முடிவுக்கு வருகிறேன்.'

இந்தப் பெண் நாளைக்கு அண்ணன் கடையில் உட்கார்ந்து வேறு யாருடைய எண்களையோ கூட்டிக்கொண்டிருப்பாள். இருபத்தொன்பது பேரைத் தெரியவில்லை என்று கையைத் தூக்க வைத்தவள். இருபத்தோரு வருடத்தில் பூதக்கண்ணாடி அந்தக் கேள்வியை ஒரு நாளும் கேட்டதில்லை.

அதோடு அவளால் தப்பான விடைக்குக் கீழே கையெழுத்துப் போட முடியவில்லை. கை போகவில்லை. அவ்வளவுதான் விஷயம் என்றுகூடச் சொல்லலாம்.

சிவப்புப் பேனாவை எடுத்தாள். மூன்று வாக்கியங்களையும் ஒரே கோட்டில் அடித்தாள். ஓரத்தில் எழுதினாள். வெளியாட்கள் முன்னால் எல்லாரும் கை தூக்க வேண்டும், தெரிந்தவர் வலது கை, தெரியாதவர் இடது கை என்று இந்த வகுப்புக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான். இருபது வருடமாக. பயிற்சி ஆசிரியைக்கு இது தெரியாது. இவருடைய எண்கள் சரி, காரணம் மட்டும் தவறு. ஒன்பதாம் வாரம் இவர் கேட்ட கேள்வியே இந்த ஆராய்ச்சியின் முடிவாக இருக்க வேண்டும். கீழே கையெழுத்து, தேதி. இடம் போதாமல் கடைசி வரி பக்கத்தின் அடியில் வளைந்து போயிற்று.

அதையே இன்னும் இரண்டு பிரதிகளில் எழுதினாள். மூன்றாவதில் ஒரு வார்த்தைகூட மாறவில்லை.

தலைமையாசிரியரின் பிரதியை அவரிடமே கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் பத்தொன்பதாம் பக்கத்தை நின்றுகொண்டே படித்தார். பிறகு உட்கார்ந்து படித்தார்.

"இது கல்வி ஆபீசுக்கும் போகுதே டீச்சர்."

"போகும் சார்."

"எனக்கு இதைப் பத்தி எதுவும் தெரியாது" என்றார். மிக வேகமாகச் சொன்னார். இத்தனை வருடம் அவர் முகத்தில் தேடியது அந்த வேகத்தில் இருந்தது. அவள் அதைக் கேட்டுக்கொண்டு வெளியே வந்தாள்.

வீட்டுக்குப் போனபோது ஒன்றே முக்கால். அப்பா நாற்காலியில் கதவைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பசியில் நெற்றி வேர்த்திருந்தது. அவள் பெட்டியைத் திறந்து பேனா வடிவ ஊசியை எடுத்தாள். போடவில்லை. நாற்காலிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

"அப்பா, இதை நீங்களே போட்டுக்கக் கத்துக்கறீங்களா?"

"ஏன், நீ எங்க போறே?"

"போக வேண்டியிருந்தாலும் இருக்கும். அக்கரைக்கு."

இவள் எதையோ மறைக்கிறாள் என்று அவர் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தக் குணம் யாரிடமிருந்து வந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. பிறகு கையை நீட்டினார்.

"மூடியோட குடு. முதல்ல மூடியோட."

அவள் கொடுத்தாள். பின்பக்கத்தைத் திருகினால் ஒவ்வோர் அளவுக்கும் ஒரு சத்தம் கேட்கும், பதினான்கு சத்தம் எண்ண வேண்டும் என்றாள். அவர் விரல் தடவித் தடவிப் பின்பக்கத்தைக் கண்டுபிடித்தது. திருகினார். ஒன்று. இரண்டு. ஐந்தில் தடுமாறி, மறுபடி பூஜ்யத்துக்குப் போய் ஆரம்பித்தார். அவள் கையை நீட்டப் போய், இழுத்துக்கொண்டாள்.